பொரிக்கு ஓட்டா, கடலைக்கு ஓட்டா?

அத்தியாயம் 14

போன வாரம் காதில் விழுந்த சேதி சுசீலாவின் வயிற்றில் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவள் வீட்டுக்காரர் சண்முகசுந்தரம் கொஞ்சநஞ்சமா பேசியிருக்கிறார்! ஆவடியில் டிபன்ஸ் தொழிற்சாலை ஃபிட்டர், யூனியனில் துணைத் தலைவர். முதலாளி என்றால் அட்டை, தனியார் என்றால் கொள்ளை என்று கேட் மீட்டிங்கில் தொண்டை கிழியக் கத்துவார். அப்பேர்ப்பட்டவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தம்பி மனோகரனின் பட்டறையில் பார்ட்னராகச் சேரச் சம்மதம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கட்டினவளுக்குத் தெரியாது, பெற்ற மகளுக்குத் தெரியாது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்!

ஓரகத்தி வாய் தவறி உளறியதால் சுசீலாவுக்குத் தெரிந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. முக்கியமாக மகள் வசந்தகுமாரியிடம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்பா என்றால் அப்படியொரு நம்பிக்கை. பண்டிகை போகட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டாள்.

ஆயுத பூஜை அன்று காலை மூவரும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பஸ் ஏறினார்கள். தொழிற்சாலையில் முந்தின நாளே பூஜை முடிந்துவிட்டது. இன்று தம்பி பட்டறை பூஜை. வசந்தி அங்கேதான் ஸ்டோர் பார்க்கிறாள்.

பட்டறை வாசலில் புது போர்டு பளபளத்தது. போன வருஷம் வரைக்கும் 'மனோ பிரஸ் ஒர்க்ஸ்'. டெல்லியில் பட்ஜெட் வாசித்து, லைசென்ஸெல்லாம் வேண்டாம், எவன் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்களே, அடுத்த மாசமே அது 'மனோ குளோபல் கம்போனன்ட்ஸ்' ஆகிவிட்டது. போர்டு மாறியதே தவிர ஆஸ்பெஸ்டாஸ் கூரை மாறவில்லை. மழை பெய்தால் குளோபல் முழுக்க ஒழுகும்.

"வாங்க அண்ணி," என்று கோட்டு சூட்டில் வந்து நின்றான் மனோகரன். ஆயுத பூஜைக்குக் கோட்டு! கழுத்தில் டை வேறு. சுசீலா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரே சண்டை. யார் உண்மையான லிபரல் என்று.

"தொழில் பண்றவன் மேல கவர்ன்மெண்ட் கை வைக்கக் கூடாது. வாங்கறவனும் விக்கறவனும் பேசிக்கட்டும். அதான் லிபரல்," என்பான் தம்பி.

"அது வியாபாரம்டா. மனுஷன் மனசுல பட்டதைப் பேசணும், எழுதணும், விருப்பப்பட்டவனுக்கு ஓட்டுப் போடணும். எமர்ஜென்ஸியில நான் எதுக்குத் தலைமறைவா இருந்தேன்? அதுக்குப் பேர்தான் லிபரல்," என்பார் அண்ணன்.

தலைமறைவாம்! குமணன்சாவடியில் மாமியார் வீட்டில் படுத்துக்கொண்டு வேளாவேளைக்குக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டதுதான் அந்தத் தலைமறைவு. ஆக்கிப் போட்டது சுசீலாவின் அம்மா.

சுசீலா காபி கொண்டுவந்து வைக்கும்போது சுதந்திரம் என்ற வார்த்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தப்பியதில்லை. கல்யாணமான புதிதில் அவளுக்கு டெலிபோன் இலாகாவில் வேலைக்கு உத்தரவு வந்தது. "போறதும் போகாததும் உன் சுதந்திரம் சுசீ. நான் தலையிட மாட்டேன். ஆனா ஊட்டை யார் பார்த்துக்கறதுன்னு மட்டும் நீயே யோசி," என்றார் அவர். அவள் யோசித்தாள். இன்றைக்கும் ஊட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருடைய லிபரலும் அடுப்படி வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடும், உள்ளே வராது.

மகளுக்காவது அப்படி ஆகக்கூடாது. சுசீலாவுக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது. மனோகரனின் மச்சான் ஆனந்தனுக்கு வசந்தியைக் கேட்டு வந்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிற பெண் வேண்டாமாம். "இப்போ வேணாம்மா, நான் வேலையை விட மாட்டேன்," என்று வசந்தி சொல்லிவிட்டாள். அந்த வேலை கையில் இருக்கிற வரைக்கும்தான் அந்த 'மாட்டேன்' நிற்கும் என்று சுசீலாவுக்குத் தெரியும்.

உள்ளே பிரஸ் மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் ஸ்பானர், அளவு பார்க்கிற வெர்னியர், பெரிய பிரஸ்ஸில் தகடு வெட்ட மாட்டுகிற இரும்பு அச்சான டை, எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பரப்பி வைத்திருந்தார்கள். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலையில் கற்பூரம் காட்டிய பிறகுதான் தொடுவார்கள். அதுவரை எதுவும் ஓடாது. பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியையும் பொட்டுக்கடலையையும் கலந்து பொட்டலம் கட்ட பேக்கிங் பெஞ்சு நாகவல்லி உட்கார்ந்தபோது ஆபீஸ் ரூமில் போன் அடித்தது.

பேசிவிட்டு வந்த மனோகரனின் முகம் மாறியிருந்தது. "புது ஆர்டர் கொடுக்கற பம்பாய் பார்ட்டி நாளைக்கு வரலை. இன்னிக்கே வர்றாங்க. ஏர்போர்ட்ல இறங்கிட்டாங்களாம். வெளிநாட்டு இன்ஜினீயர் கூட வர்றார். கண்ணு முன்னால பீஸ் அடிச்சுக் காட்டணும். கன்னியப்பா, டையை எடுத்து மாட்டு."

எல்லோரும் கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கன்னியப்பன் பெரிய பிரஸ்ஸின் ஆபரேட்டர். அதிர்ந்து பேசாத மனுஷன். "இன்னா சார் இது? பூஜைல வெச்சத எடுக்கச் சொல்றீங்கோ. நாளைக்கிக் காலைல கற்பூரம் காட்டாம நான் கை வெக்க மாட்டேன் சார். இதே மாதிரி பூஜையக் கலைச்சு ஓட்னப்போதான் வேம்புலிக்கு வெரலு போச்சு."

"அது மூடநம்பிக்கை," என்றான் மனோகரன். அவன் நெற்றியில் விபூதியின் ஈரம் இன்னும் காயவில்லை. "சரி, உன் நம்பிக்கை உனக்கு. நான் யாரையும் கட்டாயப்படுத்தலை. ஓட்டறவன் ஓட்டட்டும். மாட்டேங்கறவன் கணக்கை முடிச்சுக்கிட்டு கேட்டைத் திறந்து போகட்டும். இதைவிட சுதந்திரம் எந்த நாட்டுலப்பா இருக்கு?"

"இது சுதந்திரம் இல்ல சித்தப்பா." ஸ்டோர் ரூம் வாசலில் இருந்து வசந்தி வந்தாள். "நாளைக்கே உங்களுக்கு வேற ஆள் கிடைச்சுடுவான். கன்னியப்பன் அண்ணனுக்கு நாளைக்கே வேற வேலை கிடைக்குமா? வேற வழி இல்லாதவன்கிட்டப் போய் உனக்கு இஷ்டம்னா இரு, இல்லேன்னா போன்னு சொன்னா அதுக்குப் பேரு மிரட்டல்."

"ஏய் வசந்தி, உனக்குமா சாமி கண்ணைக் குத்தும்?"

"எனக்கு சாமியைப் பத்திக் கவலை இல்ல. வருஷத்துல இந்த ஒரு நாள்தான் மெஷினும் ஓய்வா இருக்கு, மெஷின் ஓட்டறவங்களும் ஓய்வா இருக்காங்க. அதையும் பிடுங்கிட்டா என்ன மிச்சம்?"

சண்முகசுந்தரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மைக் இல்லாத குறைதான். "கண்ணு, கருத்துச் சுதந்திரம் என்பது வேற. தொழில் ஒழுங்கு என்பது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

தொழில் ஒழுங்கு! போன மாசம்தான் தன் தொழிற்சாலையில் கேன்டீன் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று கேட்டை மறித்தவர். சுசீலாவுக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் வந்தது.

"அப்படின்னா ஓட்டெடுங்க சித்தப்பா," என்றாள் வசந்தி. "யாரு என்ன போட்டாங்கன்னு தெரியாம ரகசிய ஓட்டு. பூஜை கலையக் கூடாதுன்னு நிறையப் பேர் சொன்னா மெஷின் ஓடக் கூடாது. ஓட்டலாம்னு நிறையப் பேர் சொன்னா விருப்பம் இருக்கறவங்க ஓட்டட்டும். கன்னியப்பன் அண்ணன் மாதிரி மனசு ஒப்பாதவங்களை வற்புறுத்தக் கூடாது, வேலையை விட்டும் நிறுத்தக் கூடாது."

"அதெப்படி? ஓட்டுன்னா பெரும்பான்மைதான். தோத்தவன் வாயை மூடிக்கிட்டு செய்யணும். அதான் ஜனநாயகம்," என்றான் மனோகரன். ஒரு நிமிஷம் முன்னால் ஒவ்வொருவனுக்கும் சுதந்திரம் என்றவன்தான்.

மறுக்கப் போகிறான் என்று சுசீலா நினைத்தாள். ஆனால் அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் லேசாகக் கண்ணை மூடித் திறந்தார்.

"சரி. ஓட்டெடுக்கலாம். தோத்தவன் செஞ்சாகணும்," என்றான் மனோகரன். "ஆனா இவ்வளவு பேசறியே, நீ தோத்தா?"

"தோத்தா ஸ்டோர் சாவியைக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

"வீட்டுக்குப் போயி? ஆனந்தனுக்குக் கழுத்தை நீட்டுவியா?"

வசந்தி ஒரு கணம் தயங்கினாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீட்டறேன்," என்றாள்.

சுசீலா தலையில் அடித்துக்கொண்டாள். அடிப் பாவி, எதைக் கொண்டுபோய் எதில் வைக்கிறாய்!

"பொம்பளைங்களுக்கும் ஓட்டு கீதா, இல்ல ஆம்பளைங்களுக்கு மட்டுந்தானா?" என்று கேட்டாள் நாகவல்லி.

"எல்லாருக்கும் உண்டு," என்றாள் வசந்தி.

சீட்டு எழுதினால் கையெழுத்தில் ஆள் தெரிந்துவிடும் என்று பட்டறை ஆள் துலுக்கானம் சொன்னான். கலக்காத பொரி ஒரு தட்டிலும் பொட்டுக்கடலை ஒரு தட்டிலும் இருந்தன. நாகவல்லிதான் யோசனை சொன்னாள். தகடு அடுக்குகிற ரேக்குக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் ஒரு பித்தளைக் குண்டான், குண்டான் மேல் ஒரு துண்டு. ஆளுக்கு ஒரு பொரியும் ஒரு கடலையும் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போக வேண்டியது. மெஷின் ஓட்டலாம் என்றால் ஒரு பொரி, பூஜை கலையக் கூடாது என்றால் ஒரு கடலை. துண்டுக்கடியில் கையை விட்டுப் போட்டுவிட்டு வர வேண்டியது.

"யாரு எண்றது?" என்றான் கன்னியப்பன்.

"எங்கப்பா எண்ணட்டும்," என்றாள் வசந்தி. "யூனியன் எலெக்ஷனே நடத்தினவர். அப்பாவை ரெண்டு பக்கமும் நம்பலாம்."

"ஆமா, தலைவரே எண்ணட்டும்," என்றார்கள் எல்லோரும்.

சுசீலா வாயைத் திறந்தாள். உங்கப்பன் ஏற்கனவே விலை போயாச்சுடி என்று சொல்லியிருக்க வேண்டும். மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண். சுசீலா திறந்த வாயை மூடிக்கொண்டாள். அப்படி எல்லாமா செய்துவிடுவார், மகள் வாழ்க்கையாச்சே என்றும் ஒரு எண்ணம் வந்தது. வெட்கங்கெட்ட நம்பிக்கை, ஆனாலும் வந்தது.

அவள் பின்பக்கம் குழாயடிக்குப் போய்த் தாம்பாளத்தைத் தேய்க்க உட்கார்ந்தாள். பக்கத்தில் முக்காலியின் மேல் குடிதண்ணீர்ப் பானை இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ரேக்குக்குப் பின்பக்கம் தெரியும். முன்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ரகசிய ஓட்டு என்றால் ரகசியம்தான். அந்த மரியாதை அவளுக்குத் தெரியும்.

ஒவ்வொருவராக வந்துவிட்டுப் போனார்கள். கன்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நாகவல்லி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கோயிலுக்குள் நுழைகிறவள் மாதிரி வந்தாள். பாதி ஆட்கள் முத்தாபுதுப்பேட்டை பக்கத்திலிருந்து வருகிறவர்கள். ஊரில் எலெக்ஷன் வந்தால் யாருக்குப் போட வேண்டும் என்று யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். இன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பெருமை அவர்கள் நடையிலேயே தெரிந்தது.

கடைசியாகச் சண்முகசுந்தரம் வந்தார், குண்டானை எடுத்துப் போக.

ஓட்டு முடிந்ததே என்று சுசீலா நிமிர்ந்தாள். அவர் எடுத்துப் போகவில்லை. துண்டை விலக்கி உள்ளே பார்த்தார். முன்பக்கம் எட்டிப் பார்த்தார். விரலால் கிளறிக் கிளறிக் கடலைகளாகப் பார்த்துப் பொறுக்கினார். வலைத் துணி மாதிரி மெல்லிய வெள்ளைச் சட்டை, பையில் போட்டால் ஊருக்கே தெரியும். கீழே போட்டால் காலில் மிதிபடும். கையில் சேர்ந்ததை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

சுசீலாவின் கையிலிருந்த தேங்காய் நார் நழுவி விழுந்தது.

அட மானங்கெட்ட மனுஷா! ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், கள்ள ஓட்டுப் போடுகிறான், இதெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறாள். ஓட்டை எடுத்துத் தின்கிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அதுவும் அவளுக்கே தாலி கட்டியவன்.

குண்டான் சாமி படத்துக்கு முன்னால் போய்த் தட்டில் கவிழ்ந்தது. பொரி குவிந்து கிடந்தது. கடலை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது.

"பொரி ஜெயிச்சது!" என்று கையைத் தட்டினான் மனோகரன்.

"இன்னாது?" என்றாள் நாகவல்லி. "நான் கடலதானே போட்டேன். எங்க பெஞ்சுல எல்லாரும் கடலதான்னு சொன்னாளுங்களே..."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். அவள் வேறு ஒருத்தியைப் பார்த்தாள். கன்னியப்பன் துலுக்கானத்தைப் பார்த்தான். காலையிலிருந்து ஒன்றாக நின்று மெஷின் துடைத்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார்கள். சுசீலாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"மொத்தமே குறையுதே சித்தப்பா," என்றாள் வசந்தி. "ஆளுங்க இவ்வளவு பேர் இருக்காங்க."

"சிலபேர் போடாம வந்திருப்பாங்க. போடாம இருக்கறதும் ஒரு சுதந்திரம்தானேம்மா. என்ன அண்ணே?"

சண்முகசுந்தரம் பலமாகத் தலையாட்டினார். வாய் பேசவில்லை.

இரங்கல் கூட்டத்தில் மௌன அஞ்சலிக்கு முன்னாலும் பின்னாலும் மணிக்கணக்காகப் பேசுகிற மனுஷன். ஒரு தேர்தல் முடிவை அறிவிக்க வாய் வரவில்லையாம். கடித்தால் சத்தம் கேட்கும். விழுங்கலாம் என்றால் உலர்ந்த கடலை தொண்டையில் இறங்காது. கன்னத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு நின்றார்.

வசந்தி இடுப்பிலிருந்த ஸ்டோர் சாவியை எடுத்தாள். "நான் கேட்டதுதானே சித்தப்பா ஓட்டு. தோத்தா ஒத்துக்கணும்," என்று சாவியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அழவில்லை. தோற்றதைக்கூட நியாயமாகத் தோற்க வேண்டும் என்று நினைக்கிற பெண். யாருக்குப் பிறந்த பெண், யாரிடம் ஏமாறுகிறாள்!

"கன்னியப்பா, டையை எடு," என்றான் மனோகரன். தெருவில் கார் ஹார்ன் கேட்டது. "சீக்கிரம்! வந்துட்டாங்க."

கன்னியப்பன் சாமி படத்தை நோக்கிக் குனிந்தான். பெரிய பிரஸ்ஸின் சுவிட்சுக்குப் பக்கத்தில் மனோகரனே போய் நின்றுகொண்டான்.

சண்முகசுந்தரம் மெல்லப் பின்வாங்கிப் பின்வாங்கிக் குழாயடிக்கு வந்தார். தண்ணீர் வேண்டும் என்று பானையை ஜாடையில் காட்டினார்.

சுசீலா எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டாள். நிறைய மொண்டாள்.

கொடுத்துவிட்டால் முடிந்தது. ஒரே மடக்கில் ஓட்டெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஊர் சிரிக்காது. குவார்ட்டர்ஸில் தலை நிமிர்ந்து நடக்கலாம். யூனியன் துணைத் தலைவர் பெண்டாட்டி என்று ரேஷன் கடையில்கூட ஒரு மரியாதை இருக்கிறது. எல்லாம் இருக்கும். வசந்திதான் நாளையிலிருந்து யார் வீட்டு அடுப்படியிலோ நின்றுகொண்டு, போறதும் போகாததும் உன் சுதந்திரம் என்று எவனோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவர் கையை நீட்டினார். சுசீலா டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தண்ணிதானே? தர்றேன்." பட்டறை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். "மொதல்ல வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசுங்க. வேற ஒண்ணும் வேணாம். யாரு ஜெயிச்சதுன்னு உங்க வாயால சொல்லுங்க."

கன்னியப்பனின் கை டை மேல் படாமல் அப்படியே நின்றது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அண்ணி, விளையாடற நேரமா இது? வாசல்ல கார் நிக்குது," என்று கத்தினான் மனோகரன்.

"நிக்கட்டும். உங்க அண்ணன் பேசட்டும். இன்னாங்க, எமர்ஜென்ஸிலகூட மூடாத வாயாச்சே?"

சண்முகசுந்தரத்தின் நெற்றி வேர்த்து விபூதி கரைந்து வழிந்தது. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கெஞ்சியது இதுதான் முதல் தடவை. சுசீலாவுக்குப் பாவமாக இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

வசந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். உப்பியும் உப்பாமலும் இருந்த அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு அவள் முகம் வெளுத்தது.

"சொல்லுங்கப்பா," என்றாள்.